ஓபன்விஎம்எஸ் நான்காவது புரொசசருக்கு வந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஹட்டனில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் இந்தத் தவணைக்கான நிகழ்வு ஆய்வு ஓபன்விஎம்எஸ். பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. அது இயல்புதான், வங்கி, பங்குச்சந்தை, தொழிற்சாலை, ஆஸ்பத்திரி என்று திரைக்குப் பின்னால் ஓடுகிற இயங்குதளம் அது. கடையில் வாங்கும் லேப்டாப்பில் வராது. ஆனால் 1977இல் பிறந்த ஓர் இயங்குதளம், தன்னைத் தாங்கிய புரொசசர்கள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக வழக்கொழிந்த பிறகும், இன்று சாதாரண இன்டெல், ஏஎம்டி சிப்களில் ஓடுகிறது. அது எப்படி நடந்தது என்பதைப் படித்தே ஆக வேண்டும். மலையகத்தில் இருக்கிற எங்களுக்கு அது கூடுதலாகத் தேவை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பழைய இயங்குதளத்தைப் புது சிப்புக்குக் கொண்டுபோகும்போது, சிப்பின் கட்டளைகளை மாற்றி எழுதுவது வேலையில் சிறு பங்கு. தன்னை நம்பி எழுதப்பட்ட புரோகிராம்களுக்கு அந்த இயங்குதளம் என்னென்ன வாக்குக் கொடுத்திருந்ததோ, அவை அத்தனையையும் புது இடத்திலும் காப்பாற்றுவதுதான் பெரும் பங்கு. கீழே வரும் ஒவ்வொரு தொழில்நுட்ப முடிவையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

பின்னணி

டிஜிட்டல் எக்விப்மென்ட் கோர்ப்பரேஷன், சுருக்கமாக டெக், 1977 ஒக்டோபர் 25ஆம் திகதி வாக்ஸ்-11/780 கணினியை அறிவித்தது. அதோடு சேர்த்து அறிவிக்கப்பட்டதுதான் விஎம்எஸ்; ஓபன்விஎம்எஸ் என்பது அதற்குப் பின்னால் வந்த பெயர். டேவ் கட்லர், டிக் ஹஸ்ட்வெட், பீட்டர் லிப்மன் ஆகிய மூவரும் அதன் வடிவமைப்பில் முன்னின்றவர்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், சிப்பும் இயங்குதளமும் ஒன்றையொன்று மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டன. இயங்குதளத்துக்கு வரிசைப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கவும் எடுக்கவும் தனிக் கட்டளை வேண்டுமென்றால் சிப்பில் அந்தக் கட்டளை இருந்தது. குறுக்கீடுகளுக்கு, அதாவது நடக்கும் வேலையை இடைமறித்து உடனே கவனிக்கச் சொல்லும் அழைப்புகளுக்கு, 32 முன்னுரிமைப் படிகள் வேண்டுமென்றால் அதுவும் சிப்பிலேயே இருந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய பலம். பின்னால் வந்த தலைவலிகள் எல்லாவற்றுக்கும் ஊற்றும் அதுதான்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1992இல் டெக் தன் சொந்த 64 பிட் ஆல்ஃபா சிப்புக்கு விஎம்எஸ்ஸைக் கொண்டுபோனது. 1998இல் கொம்பாக் டெக்கை வாங்கியது. 2001இல் ஆல்ஃபாவைக் கைவிட்டு இன்டெலின் இட்டேனியத்துக்குப் போவதாகக் கொம்பாக் அறிவித்தது; அடுத்த வருடம் கொம்பாக்கே ஹெச்பியோடு இணைந்தது. இட்டேனியத்தில் 2003 ஜனவரியில் முதல்முறை பூட் ஆகி, 2005இல் உற்பத்திப் பயன்பாட்டுக்கான 8.2 பதிப்பு வெளிவந்தது. 2013இல் புதிய இட்டேனியம் சேவையகங்களுக்கு ஓபன்விஎம்எஸ் வராது என்று ஹெச்பி அறிவித்தபோது பலரும் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். 2014இல் விஎம்எஸ் சொஃப்ட்வெயர் என்ற சிறிய நிறுவனம், அதாவது விஎஸ்ஐ, அதை மேற்கொண்டு வளர்க்கும் உரிமத்தைப் பெற்று, எக்ஸ்86-64க்கு, அதாவது சாதாரண இன்டெல், ஏஎம்டி சிப் வகைக்கு, கொண்டுபோவதாகச் சொன்னது. 2019 மே மாதத்தில் அங்கே முதல் பூட். 2020இல் தெரிவு செய்த சில வாடிக்கையாளர்களுக்கு 9.0. 2022 ஜூலையில் எல்லோருக்குமான 9.2. இடையில், 2021 ஜூலையோடு இட்டேனியம் சிப் அனுப்புவதை இன்டெல் நிறுத்திக்கொண்டது.

உரிமம் கிடைத்ததிலிருந்து உற்பத்திப் பதிப்பு வரை எட்டு வருடம். அந்த எட்டு வருடமும் எதில் போனது என்று பார்ப்போம்.

நான்கு படிகளும் ஒரேயொரு பிட்டும்

விஎம்எஸ்ஸில் ஒரு புரோகிராமுக்கு இருக்கக்கூடிய அதிகாரம் நான்கு படி: கேர்னல், எக்ஸிகியூட்டிவ், சூப்பர்வைசர், யூசர். யுனிக்ஸும் விண்டோஸும் இரண்டு படியோடு காலம் தள்ளுகின்றன. விஎம்எஸ் நான்கையும் உண்மையாகவே பயன்படுத்துகிறது. நடுக்கரு கேர்னலில் ஓடுகிறது. ஃபைல்களைப் பதிவு பதிவாக எழுதிப் படிக்கும் ஆர்எம்எஸ் எக்ஸிகியூட்டிவ் படியில். நாம் கட்டளை தட்டும் டிசிஎல் சூப்பர்வைசர் படியில். நம்முடைய புரோகிராம் யூசர் படியில்.

இது எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். யுனிக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தால் ஷெல் பொதுவாக ஒரு புதுப் புரொசஸை உருவாக்கி அதில் அந்தப் புரோகிராமை ஓட்டும். அந்தப் புரோகிராம் குழம்பிச் செத்தாலும் ஷெல்லுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு வீடு. விஎம்எஸ்ஸில் அப்படியில்லை. டிசிஎல்லும் நம் புரோகிராமும் ஒரே புரொசஸுக்குள், ஒரே நினைவகப் பரப்பில் இருக்கின்றன. நம் புரோகிராம் தாறுமாறாக எழுதினாலும் டிசிஎல்லின் தரவு கெடாமல் இருப்பது, அது ஒரு படி மேலே பூட்டப்பட்டிருப்பதால் மட்டுமே. நான்கு படியை இரண்டாகச் சுருக்கினால் அந்தப் பூட்டு போய்விடும். அந்தப் பூட்டை நம்பி நாற்பது வருடமாக எழுதப்பட்ட புரோகிராம்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வாக்ஸில் நான்கும் சிப்பிலேயே இருந்தன. ஆல்ஃபாவில் பால்கோட் என்ற இடைப்படை அவற்றைக் கொடுத்தது. இட்டேனியத்திலும் நான்கு படிகள் உண்டு. எக்ஸ்86? பாடப்புத்தகத்தில் வளையம் 0, 1, 2, 3 என்று நான்கு இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு வகுப்பில் எல்லோரும் "சரி, பொருந்திவிட்டதே" என்றார்கள். பொருந்தாது. நினைவகத்தைப் பக்கம் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துக் காப்பது பக்க அட்டவணை. அதன் ஒவ்வொரு பதிவிலும் இந்தப் பக்கத்தை யார் தொடலாம் என்று சொல்ல இருப்பது ஒரேயொரு பிட்: யூசரா, சூப்பர்வைசரா. வளையம் 0, 1, 2 மூன்றும் அந்தப் பிட்டுக்கு ஒன்றேதான். முன்பு 32 பிட் காலத்தில் செக்மென்ட் எல்லைகளை வைத்து வேறுபடுத்த ஒரு வழி இருந்தது. 64 பிட் முறையில் அந்த எல்லைச் சோதனையும் எடுபட்டுவிட்டது. ஆக, காகிதத்தில் நான்கு வளையம், நடைமுறையில் இரண்டு படி.

இந்த இடத்தில் விஎஸ்ஐ சுலபமான வழியை எடுத்திருக்கலாம்: "இனி இரண்டு படிதான், உங்கள் புரோகிராம்களைத் திருத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இட்டேனியம் காலத்திலேயே ஸ்விஸ் என்ற பெயரில் ஒரு மென்பொருள் பகுதி எழுதப்பட்டிருந்தது. வாக்ஸும் பால்கோடும் செய்துவந்த குறுக்கீட்டு வேலைகளை அது பார்த்துக்கொண்டது. எக்ஸ்86இல் அதன் சுமை இன்னும் கூடியது. ஒரு படியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஸ்டேக்கை (புரோகிராம் தற்காலிகத் தரவை அடுக்கிவைக்கும் இடம்) மாற்றுவது, காத்திருக்கும் அறிவிப்புகளை உரிய படியில் ஒப்படைப்பது, சிப்புக்குத் தெரியாத இரண்டு படிகளையும் இருப்பதாகவே நடத்துவது, எல்லாம் மென்பொருளின் கையில். இதற்கு நேரச் செலவு உண்டு. என் பார்வையில் அது கொடுக்க வேண்டிய விலைதான். மேலே இருக்கும் புரோகிராமுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியவே வேண்டியதில்லை.

கம்பைலர்: இரவல் வாங்கிய முதுகு

ஓபன்விஎம்எஸ் பெரும்பாலும் மூன்று மொழிகளில் எழுதப்பட்டது: சி, பிளிஸ், மேக்ரோ-32. கடைசியாகச் சொன்னது வாக்ஸின் அசெம்பிளி மொழி, அதாவது சிப்பின் கட்டளைகளையே ஒவ்வொன்றாக எழுதும் மொழி. வாக்ஸ் போன பிறகு வாக்ஸ் அசெம்பிளியை என்ன செய்வது? ஆல்ஃபா காலத்தில் டெக் எடுத்த முடிவை இன்றும் வியந்துதான் சொல்கிறேன். அந்த அசெம்பிளியையே ஓர் உயர்நிலை மொழியாக வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு கம்பைலர், அதாவது மூலவரிகளைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் புரோகிராம், எழுதினார்கள். மூலவரிகளைப் பெருமளவு தொடாமல் அடுத்த சிப்புக்கான கட்டளைகள் அதிலிருந்து உருவாகின. எக்ஸ்86இலும் அதே கதைதான் தொடர்கிறது. ஆல்ஃபாவின் 32 ரெஜிஸ்டர்களை (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) எதிர்பார்த்து எழுதிய வரிகளுக்கு எக்ஸ்86இன் 16 போதாது என்பதால், இல்லாத ரெஜிஸ்டர்களை நினைவகத்தில் வைத்து இருப்பதுபோல் காட்டுகிறது கம்பைலர்.

மற்ற மொழிகளுக்கு, அதாவது கோபோல், ஃபோர்ட்ரான், பாஸ்கல், பேசிக் எல்லாவற்றுக்கும், டெக் காலத்திலிருந்து ஜெம் என்ற ஒரே பின்பகுதி இருந்தது. முன்பகுதி மொழியைப் படிக்கும். ஜெம் சிப்புக்கான கட்டளையை உருவாக்கும். புது சிப்புக்கு ஜெம்மைத் திருத்தி எழுதுவது ஒரு சிறிய நிறுவனத்துக்குப் பெரிய பாரம். அதற்கேற்ப எல்எல்விஎம் என்ற திறந்த மூலக் கம்பைலர் கட்டமைப்பு வெளியே தயாராக இருந்தது. எக்ஸ்86க்கு நல்ல கட்டளை உருவாக்கத் தெரிந்தவர்கள் பலர் வருடக்கணக்காக உழைத்தது அது. பழைய முன்பகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவை ஜெம்முக்குக் கொடுத்துவந்த இடைவடிவத்தை எல்எல்விஎம் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றும் ஒரு பாலத்தை மட்டும் விஎஸ்ஐ எழுதியது. முழு நிகழ்விலும் எடுக்கப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான முடிவு இது என்பேன். கோபோல் முன்பகுதியை மாற்றாததால், முப்பது வருடத்துக்கு முன் ஏற்றுக்கொண்ட வரியை இன்றும் அதே அர்த்தத்தில் ஏற்றுக்கொள்கிறது.

எண்களில் மட்டும் சில இடங்களில் இடறல். புள்ளி வைத்த எண்களைச் சேமிக்க வாக்ஸுக்கு அதன் சொந்த மிதவைப் புள்ளி வடிவங்கள் இருந்தன. இட்டேனியத்துக்கும் எக்ஸ்86க்கும் தெரிந்தது உலகம் முழுவதும் பயன்படும் ஐஇஇஇ வடிவம் மட்டும். பழைய வடிவில் எண்களைச் சேமித்த ஃபைல் இருந்தால், கம்பைலரிடம் சொல்லி இடையில் மாற்றிக்கொள்ள வேண்டும். சம்பளக் கணக்குக்கு வேண்டிய கட்டுத் தசமத்துக்கு (எண்ணைத் தசம இலக்கம் இலக்கமாகச் சேமிக்கும் முறை) வாக்ஸில் தனிக் கட்டளைகளே இருந்தன. எக்ஸ்86 தன்னிடமிருந்த சில்லறைத் தசமத் திருத்தக் கட்டளைகளையும் 64 பிட் முறையில் நீக்கிவிட்டது. அதை நூலக நிரல்கள் செய்கின்றன, சதம் பிசகாமல்.

சுலபமாக முடிந்தவை

எல்லாமே கஷ்டமாக இருக்கவில்லை. வாக்ஸ், ஆல்ஃபா, இட்டேனியம் (விஎம்எஸ் அதில் ஓடிய விதத்தில்), எக்ஸ்86 நான்கிலுமே எண்ணின் சிறிய பைட் முதலில் வரும். அதனால் ஃபைல்களைப் புரட்டிப்போடும் தொல்லை இல்லை. பூட் ஆவதற்கு, கணினியிலேயே இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருள் பொதுவான வாசல் ஆகிவிட்டது. ஒவ்வொரு மதர்போர்டுக்கும் டிரைவர் எழுதித் தேய்ந்துபோகாமல், விஎம்வேர், கேவிஎம், வெர்ச்சுவல்பொக்ஸ் போன்ற மெய்நிகர் இயந்திரங்களை முதன்மைத் தளமாக எடுத்துக்கொண்டார்கள். பழைய கிளஸ்டருக்குள்ளேயே, அதாவது ஒன்றாக இணைந்து இயங்கும் கணினிக் கூட்டத்துக்குள்ளேயே, புதிய எக்ஸ்86 கணினியையும் சேர்த்து, சேவையை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற முடிந்தது.

பயிற்சிக்கான உரிமத்தில் வகுப்பு லேப்டாப் ஒன்றில் வெர்ச்சுவல்பொக்ஸுக்குள் ஓட்டிப் பார்த்தோம். டொலர் குறியோடு காத்திருக்கும் திரை. டைரக்டரி என்று தட்டினால் ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் பின்னால் அரைப்புள்ளியும் ஓர் எண்ணும். ஃபைலைத் திருத்திச் சேமித்தால் ;1 அப்படியே இருக்க, பக்கத்தில் ;2 வருகிறது. நேரத்தை இந்த இயங்குதளம் 1858 நவம்பர் 17 நள்ளிரவிலிருந்து, 100 நானோசெக்கன் அலகுகளில் எண்ணுகிறது; வானியலாளர்களின் திருத்திய ஜூலியன் நாள் தொடங்கும் அதே திகதி. 512 பைட் பக்கம் வாக்ஸோடு போய்விட்டது, ஆல்ஃபாவிலேயே பக்கம் 8192 பைட் ஆகிவிட்டது. ஆனாலும் பழைய புரோகிராம்கள் 512இல் கணக்குப் பண்ணுவதால், அந்த அளவைப் பேஜ்லெட் என்று தனி அலகாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்த லேப்டாப்பின் சிப்புக்கும் 1977க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாக்குகள் மட்டும் முழுசாக வந்து சேர்ந்திருந்தன.

செக்ரோல் கேள்வி

ஒரு மாணவி கேட்டார்: "சேர், இவ்வளவு பாடுபட்டுப் பழசைத் தூக்கிட்டுப் போறதுக்குப் புதுசாவே எழுதிட்டா என்ன?"

அதற்கு நான் பதில் சொல்லுமுன் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வரும் இன்னொரு மாணவர், தோட்ட ஒபிசில் கிளாக்கராக இருக்கும் தன் மாமாவின் கதையைச் சொன்னார். மலையகத்துக்கு இந்த ஆய்வு ஏன் வேண்டும் என்று முதலில் குறிப்பிட்டேனே, அது இதுதான்.

அந்த ஒபிசில் செக்ரோல், அதாவது தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவேடு, இன்னும் டொஸ் (விண்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) புரோகிராம் ஒன்றில்தான் ஓடுகிறது. கிளிப்பர் என்ற பழைய மொழியில் எழுதியது. யாருக்கு எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்), எத்தனை அரைப்பேர், மேலதிகக் கொழுந்து எத்தனை கிலோ, ஊழியர் சேமலாப நிதியான ஈபிஎஃப்புக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், தோட்டம் போடுவது 12, ஊழியர் நம்பிக்கை நிதியான ஈடிஎஃப் 3, அட்வான்ஸ், கடன், எல்லாம் அதற்குள். எழுதிய ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. சோர்ஸ், அதாவது மூலவரிகள், கிடையாது, ஓடும் இஎக்ஸ்இ ஃபைல் மட்டும் இருக்கிறது. பழைய கணினி செத்தபோது புதியது வாங்கினார்கள். 64 பிட் விண்டோஸ் அந்தப் புரோகிராமைத் தொடவே மறுத்தது. காரணம் நாங்கள் படித்ததற்குப் பக்கத்து வீடுதான்: 16 பிட் டொஸ் புரோகிராமை ஓட்டப் பயன்பட்ட மெய்நிகர் 8086 முறை, சிப் 64 பிட் முறையில் இருக்கும்போது கிடைக்காது.

இன்னொரு சிக்கல் அதைவிட நுணுக்கமானது. நாட்சம்பளம் அச்சாகும் கட்டத்துக்குப் புரோகிராமில் 999.99 என்று ஓர் அளவு இருந்திருக்கிறது, அதாவது புள்ளிக்கு முன் மூன்று இலக்கத்துக்கு மட்டும் இடம். எழுதிய காலத்தில் ஆயிரத்தை யாரும் எண்ணியே பார்த்திருக்க மாட்டார்கள். 2021இல் சம்பளம் ஆயிரம் ஆனபோது 900 அடிப்படை, 100 கொடுப்பனவு என்று பிரிந்து வந்ததால் அது தப்பித்துக்கொண்டது. 2024 செப்டெம்பரில் 1,350 ஆனதும் சம்பளத் துண்டில் அந்த இடத்தில் ***.** என்று நட்சத்திரங்கள் விழத் தொடங்கின. மொத்தக் கணக்கு சரி. அந்த ஒரு கட்டம் மட்டும் தெரியவில்லை. மாமா ஒவ்வொரு துண்டிலும் பேனாவால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மருமகனிடம் அவர் சொன்னதும் இதுதான்: "தம்பி, புதுசு பழசெல்லாம் எனக்கு வேணாம். பத்தாந் திகதிக்குள்ள சம்பளம் போட்டாகணும். துண்டுல என்ன இருக்குன்னு ஆளுங்களுக்குத் தெரியணும்."

மாணவியின் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. அரைப்பேர் போட்டால் சதத்தை மேலே தள்ளுவதா கீழே தள்ளுவதா, மழைநாளில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) வந்து திரும்பியவருக்கு என்ன கணக்கு, பிடித்த கடனை எந்த வரிசையில் கழிப்பது என்பவை எழுத்தில் எங்கேயும் இல்லை. அந்த இஎக்ஸ்இக்குள் மட்டும்தான் இருக்கின்றன. புதிதாக எழுதுபவர் அவற்றில் ஒன்றைத் தவறவிட்டால், அது கொழுந்து எடுத்த ஒரு பெண்ணின் கையில் குறைந்த காசாகப் போய் நிற்கும். ஓபன்விஎம்எஸ்ஸை நம்பியிருப்பவர்களுக்கும் இதே பயம்தான், அளவு மட்டும் வேறு.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இந்த இடத்தில் விஎஸ்ஐயின் வேலைக்கும் ஓர் எல்லை தெரிகிறது. எக்ஸ்86க்கு வருகிறவர் தன் புரோகிராமை மறுபடி கம்பைல் செய்து இணைக்க வேண்டும். சோர்ஸ் கையில் இருந்தால் பெரும்பாலும் சங்கடமில்லாமல் முடியும். சோர்ஸைத் தொலைத்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. அவருக்கு இருப்பது பழைய கணினியையே மென்பொருளில் நடிக்க வைக்கும் எமுலேட்டர். வாக்ஸுக்கு சிம்ஹெச், கேரன் போன்றவை அப்படித்தான் இயங்குகின்றன. தோட்ட ஒபிசுக்கும் அந்த இரண்டாவது வழிதான் மிச்சம்.

பிள்ளைகள் அதைத்தான் செய்தார்கள். புதுக் கணினியில் டொஸ்பொக்ஸ்-எக்ஸ் என்ற டொஸ் எமுலேட்டரை நிறுவி, இஎக்ஸ்இயை அதற்குள் ஓட்டினார்கள். அச்சுப்பொறிக்குப் போகும் வரிகளை நேரே அனுப்பாமல் ஒரு ஃபைலில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சின்னப் பைத்தன் புரோகிராம் அந்த ஃபைலைப் படித்து, நட்சத்திரம் இருக்கும் இடத்தில் உரிய நாட்சம்பளத்தை எழுதி, பிறகு அச்சுக்கு அனுப்புகிறது. நாட்சம்பளத்தை அது எடுப்பது, பழைய புரோகிராம் தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் ஃபைலிலிருந்து. டிபிஎஃப் திறந்த வடிவம்: தலைப்பகுதியில் ஒவ்வொரு களத்துக்கும் 32 பைட் விவரம், அதற்குக் கீழே பதிவுகள், எண்கள்கூட வெறும் எழுத்துகளாக. புரோகிராம் போனாலும் தரவைப் படிக்கலாம் என்பது இந்த முழுக் கதையிலும் அந்த ஒபிசுக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம்.

இப்போது நடப்பது அடுத்த கட்டம். பழைய சம்பளத் துண்டுகளின் பிரதிகளை மாதவாரியாக எடுத்து, டிபிஎஃப்பில் இருக்கும் பேர், கிலோ, பிடிப்புகளிலிருந்து தாங்களே கணக்குப் போட்டு, துண்டில் அச்சான தொகையோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்தாத ஒவ்வொரு துண்டும் இஎக்ஸ்இக்குள் இருக்கும் இன்னொரு விதியைக் காட்டுகிறது. அரைப்பேருக்குச் சதத்தைக் கீழே தள்ளுகிறது என்பது உறுதியாகிவிட்டது. கடன் கழிக்கும் வரிசையில் இன்னும் சில துண்டுகள் ஒத்துவரவில்லை. அவற்றை மாமாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.